காயப் பட்டியல்

காலை நாலே முக்கால், மண்டபம் வடக்குத் துறை.
டோக்கன் வரிசையில் பதினேழாவதாய் நிற்கிறேன்.
ஒரு கையில் டீசல் புத்தகம், பங்கு நோட்டு.
மறு கையில் கைபேசி, அதற்குள் என் கூடைப்பந்து அணி.
பெயர் கச்சான்.
பதின்மூன்று ஆட்களில் நாலு பேருக்குப் பக்கத்தில் சிவப்பு.

கணுக்கால். கெண்டைக்கால். முதுகு.
நாலாமவனுக்குச் சொந்தக் காரணம் என்று போட்டிருக்கிறது.
சொந்தக் காரணம் ரீபவுண்ட் எடுத்துத் தருமா?

ஐந்தரைக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும்.
அங்கே அப்போது ராத்திரி ஏழு,
விளக்குப் போட்டு, ஜனம் சேர்ந்து,
முதல் பந்தை மேலே எறிவார்கள்.

‘சந்தேகம்’ என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள்.
ஆடினாலும் ஆடுவான்.
எனக்கு அது தெரியும்.
பத்தொன்பது வயதில், திருச்சியில், அரையிறுதி.
கூடைக்கடியில் நான் இறங்கினேன், முட்டி இறங்கவில்லை.
ஆறு வாரம் என்றார் டாக்டர்.
பதினோரு வருஷமாய் அந்த ஆறு வாரம் ஓடுகிறது.
வாடை திரும்பினால் கடலுக்கு முந்தி முட்டிக்குத் தெரியும்.
கெண்டைக்கால்காரனை உட்காரவைத்தேன்.
அவனுடைய கோச் என்ன சொன்னாலும் சரி.

இந்த வாரம் எனக்கு எதிரி கெம்பிஸ்.
எங்கள் படகில் வின்ச் பிடிக்கிறவன்.
பத்துப் பேர் லீக்கில் அவன்தான் முதலிடம்.
அணிக்கு இரட்டைமடி என்று பெயர்.
அரசாங்கம் தடுத்த வலை அக்கா, அள்ளிரும் என்பான்.

சனிக்கிழமை கம்பி சுருண்டு
அவன் வலக்கையை இழுத்துவிட்டது.
மூன்று விரலில் தையல், ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
ஐந்து மணிக்கு வார்டிலிருந்து கூப்பிடுகிறான்:

‘இடக்கையால தொட்டா வேற ஆளத் தூக்குதுக்கா.
நீயே வச்சு விட்டுரு.’
‘டேய், நான்தாண்டா உனக்கு எதிரி.’
‘படகு நம்பர்தான் பாஸ்வேர்டு’ என்றான்.

திறந்தேன்.
கஞ்சப்பயல், நல்லாத்தான் கட்டியிருக்கிறான்.
காயக் கட்டத்தில் மட்டும் ஒருத்தன், ஹாலம்பி என்று,
ஐப்பசியில் முட்டி போனவன்.
இந்த சீசனுக்கு வரமாட்டான்.
‘இவனத் தூக்கிரவா?’
‘கெடக்கட்டும்க்கா. யாரு எடத்தையும் அடைக்கலயே.’

வரிசை நகர்ந்தது.
வின்ச்சுக்கு அப்பா ஆள் சொல்லிவிட்டிருந்தார்,
பாம்பனிலிருந்து முனியராஜ்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான்.
பங்கு நோட்டில் அப்பா போட்டுவைத்த ஏழு கோடு.
கெம்பிஸை அடித்து
மேலேயே முனியராஜை எழுதியிருந்தார்.
கீழே எட்டாவதாக ஒன்று இழுத்தேன்.
ஸ்கேல் இல்லை, கோணலாய்த்தான் வந்தது.

ஐந்து இருபத்திரண்டு.
கைபேசி அதிர்ந்தது. புதுச் செய்தி:
எதிரணியின் உயரக்காரன் இன்று இல்லை, இடுப்புப் பிடிப்பு.
கெம்பிஸின் பெஞ்சில் ப்ரூனாஸ் சும்மா இருக்கிறான்.
இறக்கினால் கூடைக்கடியெல்லாம் அவனுடையது.
வார்டில் அவன் இதைப் பார்த்திருக்கமாட்டான்.
பார்த்திருந்தாலும் எந்த விரலால் நகர்த்துவான்?

என்னிடம் அந்த இடத்தில் முதுகு வலிக்காரன்.

எனக்குப் பின்னால் நின்ற சர்க்கிளார்
டோக்கன் வாங்கும்மா, படகு காத்துக்கிடக்கு என்றார்.
வாங்கினேன்.
ஐந்து இருபத்தெட்டுக்கு
வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையோடு
ப்ரூனாஸை இறக்கிவிட்டேன்.

படகுகள் போன பிறகு துறையில் டீசல் வாசம்தான் மிச்சம்.
எட்டரைக்குக் கணக்குத் தெரிந்தது.
மூன்றே புள்ளியில் தோற்றிருந்தேன்.
ப்ரூனாஸ் மட்டும் பத்தொன்பது ரீபவுண்ட், நாசமாய்ப் போக.

கொஞ்ச நேரத்தில் கெம்பிஸிடமிருந்து செய்தி வந்தது:
‘அகக ஜயசசடடன’

காலில்லை, கொம்பில்லை, சுழியில்லை.
அத்தனை புள்ளியும் எடுத்தவனிடம்
வைக்க ஒரு புள்ளி இல்லை.
வெயில் ஏறிய திரையைக் கையால் மறைத்துக்கொண்டு
ஒவ்வொன்றாய் நானே வைத்துப் படித்தேன்.